இடது காதுக்குப் பின்னால்

மண் காயக்கூடாது. துணி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. சொட்டினால் முகத்தில் கோடு விழும். திரவியம் சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்றுகொண்டு, ஒன்பதடி உயரக் களிமண் பெண்ணின் நெற்றியைச் சுற்றியிருந்த துணியில் தெளிப்பானை ஒருமுறை அழுத்தினார், இரண்டு, மூன்று, நிறுத்தினார். நெற்றிக்கு மூன்று, கன்னங்களுக்கு இரண்டிரண்டு, கழுத்துக்கு ஐந்து. கழுத்துதான் முதலில் காயும். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு டிராஸ்க் அம்மாள் வருவார். மூன்றரைக்கு மியூசியத்துப் பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வருவாள். இடையில் அரை மணி. அந்த அரை மணிக்குள் சொல்லிவிட வேண்டும். மேடம், அது நான். தமிழில் மூன்று வார்த்தை, ஆங்கிலத்தில் நான்கு. அவர் இரண்டிலும் சொல்லிப் பார்த்துவிட்டார், காலையில் பல் துலக்கும்போதும், பஸ்ஸிலும், இந்தச் சாரத்தில் ஏறும்போது படிக்கு ஒரு வார்த்தையாகவும். கூரைக் கண்ணாடியின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. அதன் வழியாக இறங்கிய வெளிச்சத்துக்குத் திசையே இல்லை, நிழலும் இல்லை, பாலுக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஹட்சன் ஆற்றங்கரையில் இது ஒரு காலத்தில் ஐஸ் கிடங்காக இருந்த கட்டடம். சுவர் இரண்டடி கனம். உள்ளே எது பேசினாலும் வெளியே போகாது, வெளியே நடப்பது எதுவும் உள்ளே வராது. ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் சத்தம் மட்டும் தரை வழியாகக் காலுக்கு வரும். காதுக்கு வராது. காது என்ற சொல் வந்ததும் அவருடைய விரல் தெளிப்பானில் நின்றுவிட்டது.

ஹெலன் டிராஸ்க் அம்மாளுக்கு எண்பது வயது. இந்த நாட்டின் ஊர்ச் சதுக்கங்களிலும் கோர்ட் வாசல்களிலும் துறைமுகங்களிலும் அவர் செய்த வெண்கலச் சிலைகள் நாற்பத்து மூன்று நிற்கின்றன. இது நாற்பத்து நான்காவது. ஓர் ஊர்க்காரர்கள் செத்துப்போன ஒருவருக்குச் சிலை வேண்டும் என்று எழுதினால் அந்த அம்மாள் அந்த ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்குவார். புகைப்படத்தைக் கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, அவர் எந்தக் காலில் எடை வைத்து நிற்பார் என்பதுதான். பாதிப்பேருக்குத் தெரியாது. ஒரு விதவை மட்டும் எழுந்து நின்று, இப்படி என்று நின்று காட்டிவிட்டு அப்படியே அழுதுவிட்டாளாம். திரும்பி வந்து பதின்மூன்றரை அங்குலத்தில் ஒரு பொம்மை பிடிப்பார், கட்டைவிரலாலேயே. அதற்குப் பிறகுதான் திரவியத்தின் வேலை. பொம்மையை எட்டு மடங்காக்க வேண்டும். பொம்மையின் மூக்கு நுனியிலிருந்து தாடைக்கு எவ்வளவு, தாடையிலிருந்து தோளுக்கு எவ்வளவு என்று அளவுகோலால் எடுத்து எடுத்துப் பெரிய மண்ணில் குச்சி குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு சிலைக்கு ஆயிரத்து எண்ணூறு குச்சி, சில சமயம் இரண்டாயிரத்து நூறு. கோவில்பட்டியில் தீப்பெட்டி இயந்திரங்களுக்குப் பாகம் கடையும் பட்டறையில் எட்டாம் வகுப்பை விட்டுவிட்டு வந்து கற்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தியது. அங்கே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். பொம்மையில் ஒரு நூல் பிசகினால் சிலையில் ஓர் அங்குலம் பிசகும். ஓர் அங்குலம் போதும், ஒரு நல்ல மனிதரைத் திமிர் பிடித்தவராகக் காட்ட. அவர் பிசகியதில்லை. மனைவி சண்முகக்கனி நர்ஸாக முதலில் வந்தாள், அவர் பின்னால் வந்தார். வீட்டில் சும்மா இருந்த நாட்களில் கதவைத் தட்டுகிறவர்களுக்குக்கூடத் திறக்கக் கூச்சப்பட்டுச் சமையலறையில் நிற்பார். டிராஸ்க் அம்மாளின் கணவர் முழங்கால் சிகிச்சைக்குச் சண்முகக்கனியின் வார்டில் படுத்திருந்தபோது, அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. அந்த அம்மாளுக்குத் திரவியம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை, திரு என்று சுருக்கிவிட்டார். சண்முகக்கனி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணப் பத்திரிகை உறையில திருன்னு போட்டுட்டுப் பேர எழுத மறந்த மாதிரில்லா இருக்கு என்பாள்.

கன்னத்துக்கு இரண்டு. இந்தக் கன்னத்துக்கும் இரண்டு. அவர் வந்த பிறகு செய்த முதல் சிலை ஒரு நீதிபதி. அந்த அம்மாளின் கணக்கில் ஏழாவது. திறப்பு நாளன்று நாற்காலி போட்டு அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரே வரிசைகளை எண்ணினார், இருபது வரிசை, வரிசைக்கு முப்பது. கிரேன் நீதிபதியைத் தூக்கிப் பீடத்தின்மேல் கொண்டுவந்தபோது அறுநூறு பேரும் ஒரே சமயத்தில் அண்ணாந்தார்கள். பெல்ட் நழுவியது. வெண்கலம் கல்லில் விழும் சத்தத்தை மணிச் சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு இனிமையாக இருந்தது, அதனால்தான் அது அவருடைய உடம்பைவிட்டு இன்னும் போகவில்லை. நீதிபதி குப்புற விழுந்து மூக்கு உள்ளே போய்விட்டது. பத்து வாரம் கழித்துத்தான் மூக்கைச் சரிசெய்து மறுபடி நிறுத்தினார்கள். கிரேன்காரனின் தப்பு என்று அறிக்கை வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் சண்முகக்கனி சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அறுநூறு பேரு ஒரே நேரத்துல அண்ணாந்து பாத்தா என்னத்துக்கு ஆகும்? பச்சப்புள்ளைக்கு வைக்கிய பொட்டு அந்தப் பெரிய மனுசனுக்கு வேண்டாமா? அடுத்ததுக்கு ஒண்ணு வச்சிருங்க. காதுக்குப் பின்னாடி வைங்க, யாருக்குத் தெரியப் போவுது." அவர் அப்போது சிரித்தார். எட்டாவது சிலை, வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றிய ஓர் இன்ஜினீயர், வார்ப்பு அச்சு எடுக்க ஆட்கள் மறுநாள் வருகிறார்கள் என்ற சாயங்காலம், டிராஸ்க் அம்மாள் பார்த்து முடித்துப் போன பிறகு, துணி மூடும்போது, துவரம்பருப்பு அளவு மண் எடுத்து உருட்டி இன்ஜினீயரின் இடது காதுக்குப் பின்னால் வைத்து ஒரு விரலால் அழுத்தினார். கடைசி மெருகில் சிலையின் வலது பாதியை அந்த அம்மாள் பார்ப்பார், இடது பாதி இவருடையது, அதனால் இடது. கிரேன் இன்ஜினீயரைத் தூக்கியது. எண்ணூறு பேர் அண்ணாந்தார்கள். இன்ஜினீயர் பூவைப்போல் இறங்கி நின்றார்.

அப்புறம் எப்படி நிறுத்துவது. நிறுத்தினால் அந்த ஒன்று விழும். இதை நம்புகிறாயா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு, நம்பவில்லை என்று பதில் வந்ததுண்டு, ஆனாலும் துணி மூடும் சாயங்காலம் விரல் தானாக மண்ணை உருட்டும். முப்பத்தாறு சிலை. ஆனால் பொட்டு முப்பத்தாறு அல்ல. சுரங்கத் தொழிலாளிகள் ஏழு பேர் சேர்ந்து நிற்கும் சிலைக்கு ஏழு. பள்ளிக்கூட ஆசிரியையும் நான்கு பிள்ளைகளும் இருப்பதற்கு ஐந்து. குதிரைமேல் உட்கார்ந்த தளபதிக்கு ஒன்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது, குதிரைக்கு வச்சியளா என்று சண்முகக்கனி கேட்டாள். அவர் சாப்பிடாமல் பஸ் பிடித்துத் திரும்பி வந்து குதிரைக்கும் வைத்தார். குதிரையின் காதுக்குப் பின்னால் எது இடம் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். ஆக நாற்பத்தேழு. வார்ப்படக்காரர்களில் ஒரு வயதான இத்தாலியர் மட்டும் வெண்கலத்தைத் தேய்க்கும்போது கண்டுபிடித்து, இது என்ன மரு என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் திரவியம். இத்தாலியர் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் கண் படாமலிருக்கக் கொம்பு வைப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த காதுக்குப் போய்விட்டார். அந்த ஒரு மனிதர்தான். அவரும் செத்துப் பதினான்கு வருடம்.

இப்போது மியூசியக்காரர்கள் அந்த அம்மாளின் வாழ்க்கை முழுவதையும் ஒரு பெரிய கண்காட்சியாக வைக்கிறார்கள். அதற்காக ஒரு கருவியை வைத்துச் சிலைகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். முடியளவு மேடுபள்ளத்தையும் காட்டிவிடுமாம். காட்டிவிட்டது. ஒரு பேராசிரியர் அதற்கு டிராஸ்க் முத்து என்று பெயர் வைத்து ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். அந்த அம்மாளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது காது போய்விட்டது, அதனால் தான் செய்த ஒவ்வொரு மனிதரின் இடது காதுக்குப் பின்னாலும் தன் மௌனத்தை ஒரு துளியாக வைத்திருக்கிறார் என்று அந்தப் பேராசிரியர் சொல்கிறார். சண்முகக்கனி அதைப் படிக்கக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரவியத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தொன்பது சிலைகளில் இருபத்தொன்பது முத்து என்று அதில் எழுதியிருந்தது. தப்பு. மீதி ஏழு சிலைகளுக்குக் கருவி போகவே இல்லை, குதிரையின் காதை யாரும் பார்க்கவில்லை. தப்பான எண்ணிக்கை ஒன்று அச்சில் ஏறிவிட்டது என்பது மூன்று நாளாகப் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் உறுத்தியது. அதைப்போய் நினைக்கிறாயே, நினைக்க வேண்டியது வேறல்லவா என்று தன்னை அதட்டிக்கொண்டார். நினைக்க வேண்டியது போன வியாழக்கிழமை. டிராஸ்க் அம்மாள் அந்த ஒன்பது பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மெல்லத்தான் கேட்டார். திரு, இதை நான்தான் வைத்தேனா. திரவியம் தலையை அசைத்தார். ஆமாம் என்று அல்ல. இல்லை என்றும் அல்ல. கேட்டேன், கொஞ்சம் பொறுங்கள், வார்த்தை வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நம் ஆட்கள் அசைக்கும் அந்த அசைப்பு. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த அம்மாள் அதை ஆயிரம் தடவை கேலி செய்திருக்கிறார், அது ஆமாமா, இல்லையா, இல்லை வானிலை அறிக்கையா என்று. அன்று கேலி செய்யவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். முகம் மெல்ல வெளுத்தது. எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை திரு, ஒன்றுகூட என்றார். அவருடைய அக்கா கடைசி மூன்று வருடம் பெற்ற மகளைப் பார்த்து நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். அக்கா போன வழியில்தான் நானும் போகிறேன், வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன், இந்தச் சிலையோடு கதவைப் பூட்டிவிடலாம் என்றார். திரவியத்தின் வாயில் வார்த்தை வந்தது. வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. அதற்குள் அந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஏழு நாள். இன்று காலை சண்முகக்கனி டிபன் பெட்டியை நீட்டிக்கொண்டே, வாயில என்ன இட்லி மாவா வச்சிருக்கிய, அந்தம்மா தனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டுக் கெடக்கா, நீங்க இங்க உக்காந்து பொட்ட எண்ணிட்டிருக்கிய என்றாள்.

சொன்னால் என்ன ஆகும். முப்பத்தாறு சிலையில் அந்த அம்மாளுக்குத் தெரியாமல் கை வைத்தவன் என்று ஆகும். பொம்மையில் இல்லாத ஒரு மேட்டைச் சிலையில் சேர்த்தவன். அவர் அளவெடுக்கும் ஆள்; இருப்பதை இருக்கிறபடி எட்டு மடங்காக்குவது ஒன்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது, அது ஒன்றுதான் அவருடைய மானம். தெளிப்பானைத் தட்டில் வைத்துவிட்டுச் சாரக் கம்பியில் சாய்ந்தார். அறையைச் சூடாக்கும் அனல் பெட்டியின் முனகல் ஏறி இறங்கியது. துணிக்குள்ளிருந்து ஆவி மெல்ல எழுந்து பெண்ணின் தோளைச் சுற்றிப் படர்ந்தது, மூச்சு விடுகிறாள் போல. கண்ணை மூடினார், இந்த நேரத்தில் எல்லோர்மேலும் பனி விழுந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. சுரங்கக்காரர்கள் ஏழு பேரின் தொப்பிகளிலும், ஆசிரியையின் திறந்த புத்தகத்திலும், தளபதியின் மடியிலும். குதிரை கண்ணிமைகளில் பனி தாங்கிக்கொண்டு நிற்கும். பனி காதுக்குப் பின்னால் மட்டும் விழாது. அங்கே அவர் விரல் அழுத்திய இடம் காய்ந்தே இருக்கும். அவர்கள் ஒவ்வொருவராகப் பீடத்தைவிட்டு இறங்கி, எந்தக் காலில் எடை வைத்திருந்தார்களோ அந்தக் காலை முதலில் எடுத்து வைத்து, உறைந்த ஆற்றின்மேல் சத்தமில்லாமல் நடந்து வருகிறார்கள். அத்தனை பேரும் வெண்கலம், ஆனாலும் பனிப்பாளம் உடையவில்லை. கிடங்கைச் சுற்றி நிற்கிறார்கள். தலையைத் திருப்பி இடது காதைச் சுவரோடு வைத்துக் கேட்கிறார்கள். என்ன சொல்லப் போகிறான் என்று. திரவியம் கண்ணைத் திறந்தார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. எதிரே களிமண் பெண். இவள் ஒரு டெலிபோன் ஆப்பரேட்டர். அணை உடைந்த அன்று வெளியே ஓடாமல் உட்கார்ந்து வீடு வீடாக அழைத்துச் சொன்னவள். டிராஸ்க் அம்மாள் அவளுடைய தலையில் அந்தக் காலத்து ஒற்றைக் காதுக் கருவியை மாட்டியிருக்கிறார். இடது காதில். கருவி காதை முழுவதும் மூடி, அதன் பட்டை பின்பக்கத்தையும் அடைத்துவிட்டது. மூன்று வாரமாக அவர் அந்தக் காதைச் சுற்றி வருகிறார், பருப்பளவு இடம் இல்லை. வேண்டுமென்றே மூடியதுபோல் இருந்தது. வேண்டுமென்றே அல்ல, பழைய புகைப்படத்தில் அப்படித்தான் இருக்கிறது, அவரே அளந்து பார்த்தார்.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. டிராஸ்க் அம்மாள் கோட்டிலிருந்த பனியை வாசலிலேயே உதறிவிட்டு, கைத்தடியை ஆணியில் மாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து சிலையைப் பார்த்தார். இந்த ஒரு வாரத்தில் மெலிந்துவிட்டார். திரவியம் சாரத்திலிருந்து ஒன்பது படி இறங்கினார். கைகளை மேலங்கியில் துடைத்தார். ஓர் இடத்தில் நின்று, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, நான்கு வார்த்தைகளையும் வரிசை மாறாமல் சொன்னார். அந்த அம்மாள் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார், இருபது எண்ணினார், நாற்பது எண்ணினார். பிறகுதான் தெரிந்தது, தான் நிற்பது அவருடைய இடது பக்கம். அந்த அம்மாளுக்குக் கேட்கவே இல்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒருநாளும் அந்தப் பக்கம் நின்று அவர் பேசியதில்லை. முக்காலியைச் சுற்றி வலது பக்கம் வந்தார். நாலைந்து அடிதான், ஆற்றைக் கடப்பதுபோல் இருந்தது.

"மேடம், அது நான்."

"எது?"

அவர் தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாள் மெல்லத் திரும்பினார். எத்தனை என்று கேட்டார். முப்பத்தாறு சிலை, நாற்பத்தேழு பொட்டு, குதிரையையும் சேர்த்து என்றார் திரவியம். ஏன் என்று கேட்டார். அதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. நிறையப் பேர் பார்க்கிறார்கள், பார்ப்பது அவர்களுக்கு வலித்துவிடக்கூடாது, குழந்தைக்கு வைப்பது என்று துண்டு துண்டாகச் சொன்னார். நீதிபதி விழுந்ததைச் சொன்னார். அந்த அம்மாளின் கை முழங்காலில் இறுகியது. என் மண்ணில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்றார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள் என்றார் இவர். ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அந்த அம்மாள் குரலை உயர்த்தினார், உயர்த்திய குரல் பாதியில் நின்றது. வேறு ஏதோ ஒன்று உள்ளே மெல்ல இறங்கியதுபோல் முகம் மாறியது.

"அப்படியானால் நான் எதையும் மறக்கவில்லை."

"இல்லை, மேடம்."

அந்த அம்மாள் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தேய்த்தார். தோள்கள் குலுங்கின, சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், நாளைக்கும் இருப்பேன் என்றார். திங்கட்கிழமை டாக்டர் வேண்டாம் என்று போன் செய்துவிடலாம் என்றார். கையைப் பைக்குள் விட்டுப் போனை எடுத்தவர், எடுத்த கையோடு நின்று, இல்லை, முதலில் ஒன்று செய்கிறேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், நீங்கள் எண்ணுங்கள், உங்கள் எண்ணிக்கை தப்பாது என்றார். கண்ணை மூடிக்கொண்டார். முதல் சிலை, தபால்காரர். இரண்டு, நூலகத்துப் பெண்மணி. ஊரின் பெயரையும், அது எந்தக் காலில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போனார். குரல் இளைஞியின் குரல்போல் ஏறியது. திரவியம் விரல்களை மேலங்கிப் பைக்குள் மடக்கிக்கொண்டே வந்தார். விழுந்த நீதிபதி ஏழு. இன்ஜினீயர் எட்டு. குதிரைத் தளபதி பதினான்கு. பதினேழாவது சிலைக்குப் பிறகு பத்தொன்பதாவது சிலை வந்தது. திரவியத்தின் விரல் மடங்காமல் நின்றது. பதினெட்டு, துறைமுகத்துத் தீயணைப்புக்காரர். அதற்கு நின்று காட்டியது அந்த அம்மாளின் கணவர். சிகிச்சை செய்த முழங்காலோடு பதினோரு நாள் ஓர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மத்தியானத்தில் ஏணியோடு சாய்ந்தபடியே சாண்ட்விச் தின்றார். அவர் காலமான வருடம் அந்த அம்மாள் அந்தத் துறைமுகத்துக்குப் போய், வெண்கலப் பூட்ஸின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். திரவியம் இருபதடி தள்ளி வேனில் உட்கார்ந்திருந்தார். இருபதாவது, இருபத்தொன்றாவது, அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார், எங்கும் தடுக்கவில்லை, சுரங்கக்காரர்கள் ஏழு பேரையும் இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லி அழைத்தார். விட்டதைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார் என்று திரவியம் பார்த்தார். முப்பத்தைந்து. நாற்பது. கடைசிச் சிலையும் முடிந்தது. பைக்குள் மடங்கிய விரல்களின் கணக்கு நாற்பத்திரண்டு.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. போனை இன்னும் கையில் வைத்திருந்தார். வெளியே கார் ஒன்று பனியை நெரித்துக்கொண்டு வந்து நின்றது.

"நாற்பத்து மூன்றும் வந்ததா?"

திரவியம் அவருடைய வலது பக்கம் குனிந்தார்.

"வந்தது, மேடம். எல்லாம் வந்தது."